ஏரிக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவே ஒரு ரயில் சுரங்கம்

சுவிட்சர்லாந்தில் பீல் ஏரியின் வடமேற்குக் கரையில் லீகெர்ட்ஸ் என்று ஒரு சின்ன ஊர். தண்ணீர், அதை ஒட்டி ரயில், ரயிலை ஒட்டி வீடுகள், வீடுகளின் முதுகில் கல்லடுக்கிய திராட்சைத் தோட்டங்கள், அதற்கு மேலே யூரா மலையின் காடு. எல்லாம் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிறது. பீலிலிருந்து நியூஷாட்டெல், லொசான், ஜெனீவா பக்கம் போகும் ரயில்கள் இந்தக் கரை வழியாகத்தான் போகின்றன. கிழக்கு மேற்காக ஓடும் சரக்கு வண்டிகளுக்கும் இதுவே முக்கிய வழி. இத்தனை கனமான பாதையில் ட்வானுக்கும் ஷாஃபிஸுக்கும் நடுவே சுமார் 2 கிலோமீட்டர் மட்டும் ஒற்றைத் தடமாகவே இருந்தது. அதை நீக்க சுவிஸ் ஃபெடரல் ரயில்வே எடுத்த வேலைதான் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள லீகெர்ட்ஸ் இரட்டைத்தடச் சுரங்கம்.

2 கிலோமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 700 மீட்டர் நீளச் சரக்கு வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரில் வந்தாலும் அதன் கடைசிப் பெட்டி ஒற்றைத் தடத்தை விட்டு வெளியேற 2 நிமிடம். பாயிண்ட் மாற்றி, வழியைப் பூட்டி, எதிர்த்திசைக்குச் சிக்னல் கொடுக்க இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல். எதிரே வரும் வண்டி நின்று கிளம்பினால் வேகம் பிடிக்கும் நேரமும் சேரும். ஒரு வண்டியின் 3 நிமிடத் தாமதம் எதிரே வருகிற வண்டிக்கு ஒட்டிக்கொள்ளும், அது அடுத்த சந்திப்பில் இன்னொன்றுக்கு ஒட்டும். கால அட்டவணை போடுகிறவருக்கு இந்த 2 கிலோமீட்டர்தான் முதல் புள்ளி. மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் அமையும்.

அப்படியானால் பழைய தடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று போட்டுவிடலாமே? இரண்டு தடங்களின் மையக்கோட்டுக்கு இடையே 4 மீட்டர் அளவில் வேண்டும், மின்கம்பத்துக்கும் வடிகாலுக்கும் நடைபாதைக்கும் தனியாக இடம் வேண்டும். மலைப்பக்கம் நகர்ந்தால் வீடுகளை இடிக்க வேண்டும். ஏரிப்பக்கம் நகர்ந்தால் ஏரியைத் தூர்க்க வேண்டும். சுவிஸ் நீர்ப்பாதுகாப்புச் சட்டம் ஏரிக்குள் திடப்பொருள் கொட்டுவதைத் தடை செய்கிறது. மிகக் குறுகிய சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் ஒன்று கரையோர ஆழமற்ற நீர்ப்பகுதியைச் செம்மைப்படுத்துவது. அந்த விலக்குக்குப் பிறகு வருகிறேன். இதற்கு மேல், ஏரியின் இந்தக் கரை முழுவதும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலக்காட்சிகளின் பட்டியலில் இருக்கிறது. ஆக, மலைக்குள் போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

மலைக்குள் போவதற்கு இங்கே முன்னுதாரணமும் உண்டு. 1991 முதல் இதே சரிவுக்குள் ஒரு நெடுஞ்சாலைச் சுரங்கம் ஓடுகிறது. அதன் அளவீடுகளும் பாறைப் பதிவுகளும் அடுத்த சுரங்கத்தை வரைகிறவருக்குப் பெரிய சொத்து. அதே சமயம் அந்தச் சுரங்கமே ஒரு கட்டுப்பாடு: அதன் சுவரில் விரிசல் விழக்கூடாது, அதன் வடிகாலுக்கு வருகிற தண்ணீர் மாறக்கூடாது.

இந்த மாதிரி வேலைகளைப் பற்றிப் பேசுகிறபோது எல்லோரும் பாறையைத் துளைப்பதைப் பற்றியே கேட்கிறார்கள். பாறை உண்மையில் இந்த வேலையின் சுலபமான பாதி. காலமும் பணமும் மூன்று இடங்களில் கரைகின்றன: சுரங்கத்தின் இரண்டு வாய்கள், உள்ளிருந்து வரும் தண்ணீர், வெட்டியெடுத்த கல். மூன்றுமே சுரங்கத்துக்கு வெளியே உள்ள உலகத்தைத் தொடுபவை.

முதலில் பாறையின் கிடப்பு. யூரா மலை சுண்ணாம்புக்கல் மடிப்புகளால் ஆனது. மேல் ஜுராசிக் காலச் சுண்ணாம்புக்கல் அடுக்கு ஒன்றுக்கு ட்வான் ஓடையின் பெயரையே வைத்து ‘ட்வான்பாக் படிவம்’ என்று நிலவியலாளர்கள் அழைக்கிறார்கள். அதற்கு மேலே கிரிட்டேசியஸ் காலத்து இளைய அடுக்குகள். அவற்றில் கடினமான சுண்ணாம்புக்கல்லும் களிமண் கலந்த மென்மையான மார்லும் மாறிமாறி வரும். கரையோரத்தில் இந்த அடுக்குகள் ஏரியை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. புத்தகங்களைச் சாய்த்து அடுக்கி, நடுநடுவே ஈரச் சோப்பு வைத்தது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் உள்ள புத்தகத்தின் முனையை வெட்டினால் மேலே இருப்பது முழுக்க வழுக்கும். சுரங்க வாய் வெட்டுவது என்றால் அந்த முனையை வெட்டுவதுதான்.

அதனால் வாய்ப்பகுதியில் முதலில் சரிவைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் தோண்ட வேண்டும். மேலிருந்து கீழாக, ஒரு தட்டுக்கு ஒன்றரை இரண்டு மீட்டர் உயரம். அந்தத் தட்டை வெட்டியவுடன் ஷாட்கிரீட் (அழுத்தத்தில் பீய்ச்சிப் பூசும் கான்கிரீட்), வலை, ஆணி அல்லது நங்கூரக் கம்பி. காரை இறுகிய பிறகே அடுத்த தட்டு. வேலை பின்தங்கிவிட்டது என்று இரண்டு தட்டை ஒரே மூச்சில் வெட்டுவதுதான் இந்தக் கட்டத்தில் மிகப் பொதுவான தவறு. சாதாரண மண்ணில் அது தப்பிவிடும். மார்ல் மேல் ஒரு மழை பெய்தால் இங்கே தப்பாது. நங்கூரத்தின் நீளம் மார்ல் அடுக்கைத் தாண்டி அடியில் உள்ள நல்ல பாறையில் பிடித்திருக்க வேண்டும். மார்லுக்குள்ளேயே முடிந்தால் அது சரிகிற பாறையோடு சேர்ந்து தானும் சரியும். ஒவ்வொரு நங்கூரத்தையும் இழுத்துச் சோதிப்பதோடு, சரிவுக்குள் இன்க்ளினோமீட்டர் குழாய்களை இறக்கி எந்த ஆழத்தில் நகர்கிறது என்று பார்ப்பார்கள். மேல்பரப்பில் வைத்த அளவுக்குறி 3 மி.மீ. நகர்ந்தது என்பது ஒரு செய்தி. 14 மீட்டர் ஆழத்தில், சரியாக மார்ல் அடுக்கில் நகர்ந்தது என்பதுதான் முடிவெடுக்க உதவுகிற செய்தி.

ஏரிக்கரைக்கே உரிய இன்னொரு சிக்கல் கரை மண்ணில் இருக்கிறது. இந்த ரயில் பாதை 1860இல் திறந்தது. அதற்குப் பிறகுதான் யூரா நீர்த்திருத்தம் என்ற பெரும் வேலை நடந்தது. 1878இல் ஹாக்னெக் கால்வாய் வழியாக ஆரே ஆற்றை பீல் ஏரிக்குள் திருப்பினார்கள், ஏரி மட்டம் 2 மீட்டருக்கு மேல் இறங்கியது. எதிரே தெரிகிற செயின்ட் பீட்டர் தீவு தரையோடு ஒட்டியதும் அதனால்தான். நீர்மட்டம் 2 மீட்டர் இறங்கினால், மிதப்பு போன கணக்கில் அடிமண்ணுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 2 டன் எடை கூடுகிறது. ஏரிச் சுண்ணக்களி போன்ற மெத்தென்ற படிவு மேல் அந்த எடை ஏறினால் அமுங்கும், வருடக்கணக்கில் மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும். சுரங்க வாய்க்காகத் தோண்டிய குழிக்குள் தண்ணீரை இறைத்து மட்டத்தை இறக்குகிறபோதும் இதே கணக்குத்தான் வேலை செய்யும். பக்கத்துத் தண்டவாளம் தாழும், பழைய வீட்டின் ஒரு மூலை தாழும். எனவே குழியைச் சுற்றி நீர்புகாத பைல் சுவர் கட்டிவிட்டு உள்ளே மட்டும் இறைப்பது நல்லது. வெளியே நீர்மட்டக் குழாய்களில் தினம் இரண்டு முறை அளவு எடுக்க வேண்டும்.

இத்தனையும் ஓடுகிற ரயிலுக்குப் பக்கத்தில். ஒற்றைத் தடம் என்பதால் பிளாக், அதாவது ரயிலை நிறுத்தி வேலைக்குத் தடத்தைக் கொடுக்கும் நேரம், கிடைப்பதே இரவில் சில மணி நேரம்தான். அதற்குள் கிரேனைத் திருப்ப வேண்டும், மின்கம்பியை அணைத்து எர்த் போட வேண்டும் (சுவிஸில் 15 ஆயிரம் வோல்ட்), வேலை செய்ய வேண்டும், எல்லாவற்றையும் கழற்றித் தடத்தை ஒப்படைக்க வேண்டும். 4 மணி நேர பிளாக்கில் உருப்படியான வேலை நேரம் இரண்டரை மணி என்று வைத்துக்கொள்வதே நியாயமான திட்டம். அதற்கு மேல் கணக்கிட்டவர்கள் காலை முதல் வண்டியை நிறுத்தி வைக்க நேரிடும்.

இந்த நீளத்துக்கு டி.பி.எம். எனப்படும் சுரங்கம் துளைக்கும் எந்திரம் கட்டுப்படியாகாது. இரட்டைத் தடத்துக்கு 12 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள எந்திரம் வேண்டும். அதைப் பொருத்தவே வாய்க்கு வெளியே ஒரு பெரிய மைதானம் வேண்டும். அந்த மைதானம்தான் இங்கே இல்லை. எனவே இப்படிப்பட்ட இடங்களில் வழக்கம் துளைபோட்டு வெடிவைப்பதே. மார்ல் வரும் இடத்தில் மட்டும் வெடி இல்லாமல் உடைப்பான் பொருத்திய எக்ஸ்கவேட்டர்.

வெடியின் அளவை வீடுகள் தீர்மானிக்கும். அதிர்வு வேகம், தூரத்தை ஒரே தருணத்தில் (இதை ஒரு ‘தாமதம்’ என்பார்கள்) வெடிக்கும் மருந்தின் எடையின் வர்க்கமூலத்தால் வகுத்த எண்ணைப் பொறுத்தது. சுரங்கத் துறையில் பல காலமாகப் புழங்கும் ஒரு சூத்திரம் இது: அந்த எண்ணை 1.6 அடுக்குக்கு உயர்த்தி, அதால் 1143ஐ வகுத்தால் அதிர்வு வேகம் மி.மீ./நொடியில் வரும். பழைய கல்வீட்டுக்கு 6 மி.மீ./நொடி என்று வரம்பு வைப்போம். வீடு 60 மீட்டர் தொலைவில் இருந்தால் ஒரு தாமதத்துக்கு சுமார் 5 கிலோ வைக்கலாம். 30 மீட்டருக்கு வந்துவிட்டால் 1.27 கிலோதான். தூரம் பாதியானால் மருந்து கால் பங்காகிறது. 1.27 கிலோவை வைத்துக்கொண்டு 4 மீட்டர் ஆழத் துளை போட முடியாது. ஒரு சுற்றின் முன்னேற்றம் ஒரு மீட்டருக்கு இறங்கும். அந்த 1143, 1.6 என்ற எண்கள் வெறும் தொடக்கம்தான். முதல் பத்துப் பதினைந்து வெடிகளில் வெவ்வேறு தூரத்தில் ஜியோஃபோன் என்ற அதிர்வு அளவி வைத்து அந்தப் பாறைக்கே உரிய எண்களைக் கண்டுபிடித்து மாற்றிக்கொள்ள வேண்டும். அடுக்குப் பாறையில் அடுக்கின் போக்கில் அதிர்வு அதிக தூரம் போகும், குறுக்கே சீக்கிரம் அடங்கும். ஆகவே ஒரே தூரத்தில் உள்ள இரண்டு வீடுகளில் இரண்டு விதமான எண் வந்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இதற்கு எலெக்ட்ரானிக் டெட்டனேட்டர்தான் கைகொடுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிநொடி நுணுக்கத்தில் நேரம் நிரல் செய்யலாம், நூறு துளையை நூறு தனி வெடியாகப் பிரிக்கலாம். விலை அதிகம், ஆனால் ஊருக்கு நடுவே வேலை செய்யும்போது அதில் மிச்சம் பிடிப்பது தவறு. மருந்தாக எமல்ஷன் என்ற குழம்பைப் பம்ப் செய்து நிரப்புவது நல்லது. துளைக்குள் போகும்வரை அது வெடிபொருளாகக் கணக்கில் வராது. ஊர்த் தெரு வழியாக லாரியில் கொண்டுவரலாம், தளத்தில் பெரிய மருந்துக்கிடங்கும் வேண்டாம். எமல்ஷனுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது தண்ணீரோடு தொடர்புடையது.

வெடிபொருளின் உயிர் அம்மோனியம் நைட்ரேட். வெடிக்காமல் சிந்தியது, துளையின் அடியில் தங்கியது எல்லாம் கல்லோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அம்மோனியம் நைட்ரேட்டில் எண்ணெய் கலந்த சாதாரண அன்ஃபோ மருந்து குருணையாக இருப்பதால் தண்ணீர் பட்டதும் கரையும். எமல்ஷனில் நைட்ரேட் துளிகளைச் சுற்றி எண்ணெய்ப் படலம் இருப்பதால் மெல்லத்தான் கரையும். கரைந்தால் என்ன என்றால், அம்மோனியம் தனியே பெரிய தீங்கில்லை. ஆனால் ஷாட்கிரீட்டைக் கழுவி வரும் தண்ணீரின் பி.எச். (அமில, கார அளவு) 11, 12 வரை போகும். அந்தக் காரத்தில் அம்மோனியம் அம்மோனியாவாக மாறுகிறது. பி.எச். 9.25இல் பாதிக்குப் பாதி மாறிவிடும், 8இல் ஐந்து சதவீத அளவுதான். மீனின் செவுளைக் கொல்வது அந்த அம்மோனியாதான். அதாவது வெடிமருந்தும் சிமெண்டும் தனித்தனியாகச் செய்யாத கேட்டை ஒன்று சேர்ந்து செய்கின்றன. ஏரிக்குள் விடும் தண்ணீரில் பி.எச்.ஐ மட்டும் அளக்கிறவர்களும், அம்மோனியத்தை மட்டும் அளக்கிறவர்களும் பாதி கதையைத்தான் படிக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரியில் அளக்க வேண்டும்.

சுவிஸ் விதிப்படி தளத்திலிருந்து நீர்நிலைக்குள் விடும் தண்ணீரின் பி.எச். 6.5க்கும் 9க்கும் இடையே இருக்க வேண்டும். நீரில் கலங்கி நிற்கும் திடப்பொருள் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. காரத்தைக் குறைக்க அமிலம் ஊற்றுவதைவிட கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் குமிழ் விடுவது மேல். அமிலம் கொஞ்சம் அதிகமானால் பி.எச். தடாலென 4க்கு விழும், தண்ணீரில் உப்பும் சேரும். வாயு எவ்வளவு விட்டாலும் 6க்குக் கீழே போவது அரிது. ஒரு ராத்திரி சென்சார் பழுதானாலும் ஏரிக்குப் பெரிய சேதம் இல்லை.

திடப்பொருள்தான் இடத்தைத் தின்கிறது. 0.01 மி.மீ. அளவுள்ள துகள் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரத்தில் சுமார் 25 செ.மீ. மட்டுமே இறங்கும். நொடிக்கு 20 லிட்டர் அழுக்குத் தண்ணீர் வந்தால் மணிக்கு 72 கன மீட்டர். சாதாரண தொட்டியில் அதைப் படியவைக்க 290 சதுர மீட்டர் பரப்பு தேவை. ரயிலுக்கும் ஏரிக்கும் நடுவே அந்த இடம் எங்கே? அதனால் தகடுகளைச் சாய்வாக அடுக்கிய லாமெல்லா தொட்டியும், துகள்களைத் திரளவைக்கும் ஃப்ளாகுலன்டும் பயன்படுத்துகிறார்கள். ஃப்ளாகுலன்டைக் கண்மூடித்தனமாகக் கூட்டினால் அதுவே மீனுக்குக் கெடுதல் ஆகும். குளிர்காலத்தில் கரையோரச் சரளையில் மீன்கள் முட்டையிடும். மெல்லிய வண்டல் ஒரு படலமாக அதன்மேல் படிந்தாலே முட்டைக்கு மூச்சு முட்டிவிடும். அந்த மாதங்களில் வரம்புக்கு உள்ளேயே இருந்தாலும் போதாது, வரம்பைவிட நன்றாகவே தண்ணீரைத் தெளியவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தச் சுமையைப் பாதியாக்குகிற ஒரு எளிய வேலை இருக்கிறது. முதல் நாளே இரண்டு குழாய் போடுவது. பாறையிலிருந்து வரும் சுத்தமான ஊற்று நீர் ஒரு குழாயில், துளைபோடும் தண்ணீரும் ஷாட்கிரீட் கழுவலும் இன்னொன்றில். சுத்த நீரை ஊறும் இடத்திலேயே பிடித்து மூடிய குழாயில் வெளியே கொண்டுபோனால் அது சுத்திகரிப்பு நிலையத்தைத் தொடவே வேண்டாம். சுரங்கத்தின் தரையில் இறங்கவிட்டால் லாரிச் சக்கரம் கலக்கிய சேற்றோடு சேர்ந்து எல்லாமே அழுக்கு நீர் ஆகிவிடும். 400 மீட்டர் போன பிறகு இரண்டாவது குழாய் போடலாம் என்று தள்ளிவைத்த இடங்களில் அது கடைசிவரை வரவில்லை.

சுண்ணாம்புக்கல் என்றாலே கார்ஸ்ட், அதாவது மழைநீர் கரைத்த குகைகளும் குழாய்களும். மேலே மலையில் விழுகிற மழை இந்தக் குழாய்கள் வழியாக ஓடி, ஏரிக்கரையில் ஊற்றாக வெளியே வருகிறது. வேலை தொடங்கும் முன்னே யூரானின் என்ற பச்சை ஒளிர்சாயத்தை மேலே ஊற்றி, எந்த ஊற்றில், எத்தனை மணி நேரத்தில் வெளிவருகிறது என்று பார்த்தால் தொடர்பு தெரியும். சுரங்க முகப்பில், அதாவது உள்ளே பாறையை வெட்டிக்கொண்டு போகும் முனையில், 20, 30 மீட்டர் முன்னோக்கிச் சோதனைத் துளை போட்டுக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொன்றும் முந்தையதோடு 5 மீட்டராவது மேற்கவிய வேண்டும். துளையின் வாயில் அடைப்பு வால்வு பொருத்தாமல் துளைக்கக் கூடாது. அழுத்தத்தோடு தண்ணீர் வந்தால் ராடையே வெளியே தள்ளிவிடும், பிறகு துளையை மூட வழியே இருக்காது.

குகை தட்டுப்பட்டால் உடனே கான்கிரீட்டை நிரப்பு என்று ஒரு கை துடிக்கும். நிறுத்துங்கள். வறண்ட குகையா, மழைக்காலத்தில் மட்டும் ஓடுவதா, எப்போதும் ஓடுவதா என்று தெரியாமல் அடைக்கக் கூடாது. ஓடுகிற வழியை அடைத்தால் ஒரு பக்கம் ஊற்று வற்றும், இன்னொரு பக்கம் அடைபட்ட நீர் மேலே ஏறிச் சுரங்கச் சுவர் மேல் அழுத்தம் கொடுக்கும். ஒவ்வொரு 10 மீட்டர் நீர்மட்ட உயர்வுக்கும் சதுர மீட்டருக்கு 10 டன். சரியான வழி, சுரங்கத்தைச் சுற்றி ஒரு குழாய் போட்டு, ஒரு பக்கக் குகையை மறுபக்கக் குகையோடு இணைத்துத் தண்ணீரைத் தன் வழியே போகவிடுவது. குழாயின் அளவை அன்று கண்ட நீரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பனி உருகும் மாதத்தில் அதே குகையில் பல மடங்கு வரும்.

சுண்ணாம்பு நீரின் இன்னொரு குணம் வருடங்கள் கழித்துத் தெரியும். பாறைக்குள் அழுத்தத்தில் இருந்த நீர் வடிகாலில் காற்றைத் தொட்டதும் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு வெள்ளையாகப் படிகிறது. சிமெண்டைத் தொட்டு வந்த நீரோடு கலந்தால் இன்னும் வேகமாகப் படியும். 20 செ.மீ. வடிகால் குழாய் கையளவு ஓட்டையாகச் சுருங்கிப்போவதைச் சுண்ணாம்புப் பாறைச் சுரங்கம் பராமரிக்கிற யாரும் சொல்வார்கள். உள்ளே கேமரா விட்டால் சிப்பி போல வரிவரியாக, தட்டினால் கண்ணாடி போல ஒலிக்கிற கடினத்தில் இருக்கும். பிறகு சங்கிலி வெட்டியும் உயர் அழுத்த நீரும் வைத்துச் சுரண்ட வேண்டும், அதற்கு ரயிலை நிறுத்த வேண்டும். கட்டும்போதே செய்ய வேண்டியவை: இறுகுவதை வேகப்படுத்தக் காரமில்லாத துரிதப்படுத்தி கலந்த ஷாட்கிரீட், வடிகால் குழாய் முனையில் காற்று நுழையாதபடி நீர்ப்பூட்டு, தடம் திறந்த பிறகும் எட்டுகிற இடத்தில் கழுவு குழிகள். இரட்டைத்தடச் சுரங்கத்தில் கழுவு குழியைத் தடத்தின் நடுவே வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் இரண்டு தடத்துக்கும் பிளாக் கேட்க வேண்டிவரும். ஓரத்தில் நடைபாதைக்கு அடியில் வையுங்கள்.

அடுத்தது கல். இரட்டைத்தடக் குறுக்குவெட்டை 100 சதுர மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 2.1 கிலோமீட்டருக்கு 2 லட்சத்து 10 ஆயிரம் கன மீட்டர் பாறை. உடைத்தால் ஒன்றரை மடங்கு உப்பும், 3 லட்சத்துக்கு மேல். 10 கன மீட்டர் லாரியில் ஏற்றினால் 31,500 நடை, திரும்பி வருவதையும் சேர்த்தால் 63 ஆயிரம் முறை ஊரைக் கடக்கும். எடையாகப் பார்த்தால் சுமார் 5 லட்சத்து 46 ஆயிரம் டன், ஆயிரம் டன் ஏற்றும் சரக்கு ரயிலில் 546 நடை. ஒரு குறுகிய ஏரிக்கரையில் லாரியா, ரயிலா, படகா என்ற கேள்விக்கு இந்த எண்களே பதில் சொல்லிவிடும். ஆனால் ரயிலிலோ படகிலோ ஏற்ற ஒரு ஏற்றுமேடையும், வண்டி வராத நாளில் கொட்டிவைக்க ஒரு இடமும் தேவை. இரண்டு நாள் கல்லைக்கூடச் சேமிக்க இடமில்லை என்றால், ஒரு படகு பழுதானால் சுரங்க முகப்பே நின்றுவிடும்.

ஏரிக்குள் கல் கொட்டுவதற்கான விதிவிலக்கு என்று சொன்னேனே, அதற்கு நல்ல உதாரணம் ஊரி ஏரியில் இருக்கிறது. சரளை அள்ளியதால் அரிக்கப்பட்டுப்போன ராய்ஸ் ஆற்று முகத்துவாரத்தில், கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கத்திலிருந்தும் ஃப்ளூயெலன் ஊர்ப் புறவழிச் சுரங்கத்திலிருந்தும் வந்த கல்லை வைத்து 2000களில் ஆழமற்ற நீர்ப்பகுதிகளையும் சிறு தீவுகளையும் உருவாக்கினார்கள். சில தீவுகள் குளிக்க வருகிறவர்களுக்கு, சில பறவைகளுக்கு மட்டும். ஏரியைத் தூர்ப்பதும் ஏரியைத் திருத்துவதும் ஒரே லாரிக் கல்லால் முடியும், வித்தியாசம் அந்தக் கல்லின் சுத்தத்தில் இருக்கிறது. ஷாட்கிரீட் தெறிப்பு கலந்த கல் காரம் கசியும். அதைவிடக் கண்ணுக்குத் தெரியும் தொல்லை பிளாஸ்டிக். வெடி இணைக்கும் பிளாஸ்டிக் குழல் துண்டுகளும், ஷாட்கிரீட்டில் கலந்த பிளாஸ்டிக் இழைகளும் தண்ணீரில் மிதந்து கரை முழுக்க ஒதுங்கும். நார்வேயில் சுரங்கக் கல்லை நீரில் கொட்டிய இடங்களில் இது பெரிய பிரச்சினையானது. எஃகு இழையும், கம்பி இணைத்த எலெக்ட்ரானிக் டெட்டனேட்டரும் மூழ்கிவிடும், கரைக்கு வராது. எனவே கல் ஏரிக்குப் போகும் வாய்ப்பு ஒரு சதவீதம் இருந்தாலும் பிளாஸ்டிக் இழையை முதலிலேயே விலக்கிவிட வேண்டும்.

உள்ளே சுவர் அமைப்பதில் நான் நீளமாகப் போக விரும்பவில்லை. ஷாட்கிரீட், அதன்மேல் துணி, 2 அல்லது 3 மி.மீ. பிளாஸ்டிக் நீர்த்தடுப்புப் படலம், பிறகு 30, 40 செ.மீ. உள் கான்கிரீட். 10, 12 மீட்டர் நீள சென்டரிங் வண்டியை நகர்த்தி நகர்த்திப் போடுவார்கள். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். படலம் குடைபோல மேலே மட்டுமா, அடியிலும் சுற்றியா என்ற முடிவு. குடை என்றால் நீர் பக்கவாட்டில் வடியும், சுவர் மெலிதாக இருக்கலாம், ஆனால் மலையின் நீர் என்றென்றும் வடிந்துகொண்டே இருக்கும், சுண்ணாம்புப் படிவுத் தொல்லையும் என்றென்றும் இருக்கும். முழுச்சுற்று என்றால் நீர்மட்டம் பழையபடி ஏறும், ஊற்றுகள் பிழைக்கும், ஆனால் தரையை வளைவாகக் கனமாகக் கட்ட வேண்டும், ஒரு இடத்தில் படலம் கிழிந்தால் கசிவு எங்கே என்று தேடுவது பெரும்பாடு. குடிநீர் ஊற்று பக்கத்தில் உள்ள நீளத்தில் முழுச்சுற்றும், மற்ற இடத்தில் குடையும் போடுவதே பெரும்பாலும் நியாயமாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் குறுக்கே ஒரு நீர்த்தடுப்பு வளையம் கட்டாவிட்டால், அழுத்த நீர் படலத்தின் முதுகு வழியாகவே நகர்ந்து குடைப்பகுதிக்கு வந்துவிடும்.

மேலே வீடுகளுக்கு ரயில் சத்தம் தரை வழியாக வரும். ஜல்லிக்கு அடியில் ரப்பர் பாய் விரிப்பது அதற்குத்தான். பிறகு விரிக்க முடியாது, விரிப்பதென்றால் ஜல்லி முழுவதையும் அள்ள வேண்டும். தப்பிக்கும் வழிகளும் அப்படியே. ஐரோப்பிய விதிப்படி ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட சுரங்கத்தில் ஆயிரம் மீட்டருக்கு ஒன்றாவது வெளியேறும் வழி வேண்டும், ஓர நடைபாதை குறைந்தது 80 செ.மீ. அகலம் வேண்டும். திராட்சைத் தோட்டத்தின் நடுவே அந்த வழியின் கதவு எங்கே திறக்கும், அங்கே ஆம்புலன்ஸ் எப்படி ஏறும் என்பதை வரைபடத்தில் அல்ல, அந்தத் தோட்டத்துப் பாதையில் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கட்டத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டிய, எல்லோரும் சலித்துக்கொள்கிற ஒரு வேலை, ஒவ்வொரு வீட்டின் ஒவ்வொரு விரிசலையும் படமெடுத்து, அகலம் அளந்து, வீட்டுக்காரரின் கையெழுத்தோடு பதிவு செய்வது. திராட்சைத் தோட்டத்தின் சாந்தில்லாக் கல்சுவர்களையும் சேர்த்து. இந்தச் சுவர்கள் பல்லிகளுக்கு வீடு, மண்ணுக்கு அணை. சிமெண்ட் இல்லாததால் அதிர்வில் விரிசல் விடாது, கல் மெல்ல வெளியே தள்ளும். விரிசல் அளவி இங்கே பயன்படாது. சுவரின் வயிறு எவ்வளவு புடைத்திருக்கிறது என்பதை லேசர் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். சரிந்தால் சிமெண்ட் பூசி எழுப்பக் கூடாது, நீர் வடிய வழியில்லாமல் அடுத்த மழையில் மொத்தமாகச் சாயும்.

புதிய தடத்தைப் பழையதோடு இணைக்கிற நாள் ஒன்று உண்டு. சுரங்கத்துக்குள் தண்டவாளம், மின்கம்பி, சிக்னல் எல்லாம் ஓடிப்பார்த்த பிறகு, இரண்டு முனையிலும் பழைய தடத்தை அறுத்துப் புதியதோடு சேர்க்க வேண்டும். இணையும் இடத்தில் பழைய கரையும் புதிய கரையும் வேறு வேறு அளவில் அமுங்கும். அதனால் அந்தச் சில பத்து மீட்டரில் முதல் மாதங்களில் வேகத்தைக் குறைத்து, வாரத்துக்கு ஒரு முறை டேம்பிங் (ஜல்லியை இறுக்கித் தடத்தைச் சமன்செய்வது) செய்துகொண்டே இருக்க வேண்டும்.

அதன்பின் ஊருக்கு முன்னால் ஓடிய பழைய தடம் அகற்றப்பட வேண்டும் என்பதும் இந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. லீகெர்ட்ஸ் நிலையமும் போகிறது, அதற்குப் பதிலாகப் பேருந்து. ரயில் ஏற ஊருக்குள் இனி இடமில்லை என்பது ஊர்க்காரர்களுக்கு உண்மையான இழப்பு, அதைக் குறைத்துப் பேசக்கூடாது. பழைய கரையின் ஜல்லியைத் தோண்டும்போதும் கவனம் வேண்டும். நூற்றாண்டுக்கு மேல் க்ரியோசோட் எண்ணெய் ஊறிய ஸ்லீப்பர், பிரேக் தேய்ந்த இரும்புத்தூள், களைக்கொல்லி எல்லாம் அதில் தங்கியிருக்கும். மேலிருந்து அடுக்கடுக்காக மாதிரி எடுத்து, அழுக்கானதைத் தனியே பிரித்து அனுப்பிய பிறகுதான் அந்த நிலத்தில் மண் போட வேண்டும்.